கொழு தேய்வதைக் கணக்கிடலாம், செலவைக் குறைக்கலாம்

கலப்பையில் கொழு தேய்கிறது. பம்பு செட்டில் பேரிங் தேய்கிறது. மாட்டு வண்டியில் இருசு தேய்கிறது. இவையெல்லாம் விவசாயிகள் அன்றாடம் காண்பவைதான். "இரும்பு என்றால் தேயத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு நாமும் வேறு வேலையைப் பார்க்கிறோம். ஆனால் தேய்மானத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. எந்த இடம் முதலில் தேயும், எவ்வளவு தேயும், எத்தனை ஏக்கருக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் இன்று கணிப்பொறியில் முன்கூட்டியே போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கின் சாரத்தைத் தெரிந்துகொண்டால், கணிப்பொறி இல்லாமலேயே விவசாயிகள் தங்கள் கருவிகளின் ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதில் சிறு விவசாயிக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். கொழுவின் நுனி மழுங்கினால் அது மண்ணில் இறங்காது. உழவின் ஆழம் குறையும். அதே நிலத்தை மறுபடியும் ஒரு சால் உழ வேண்டிவரும். சொந்த டிராக்டர் உள்ளவருக்கு டீசல் கூடும். வாடகை டிராக்டர் பிடித்து மணிக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கோ, பிறர் கருவியின் தேய்மானச் செலவு தம் தலையில் விழும். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய உழவு ஒன்றேகால் மணி ஆனால், கால் மணி வாடகை வீண்தானே!

உலக அளவிலும் இது சிறிய விஷயமன்று. பின்லாந்தைச் சேர்ந்த ஹோல்ம்பெர்க், அமெரிக்காவைச் சேர்ந்த எர்டெமிர் ஆகிய இரு விஞ்ஞானிகள் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் செலவாகும் மொத்த எரிசக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கே போய்விடுகிறது. தேய்ந்த பாகங்களுக்கு மாற்றுப் பாகங்கள் செய்ய மேலும் 3 சதவீதம் ஆகிறது.

இரும்பை மண் தின்பது எப்படி?

வழவழப்பாகத் தெரியும் இரும்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு இரும்புகள் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்தால், மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. முழுச் சுமையையும் அந்தச் சில புள்ளிகளே தாங்குகின்றன. நகரும்போது அந்த உச்சிகள் ஒட்டிப் பிய்கின்றன, உடைந்து தூளாகின்றன. பேரிங்கிலும் இருசிலும் நடப்பது இதுவே.

கொழுவில் நடப்பது இன்னும் கடுமையானது. மண்ணில் உள்ள மணலில் பெரும்பகுதி வெங்கச்சங்கல் துகள். விக்கர்ஸ் என்ற கடின அளவுப்படி சாதாரண இரும்புத் தகட்டின் கடினம் 120 முதல் 150 வரை. நன்கு பதப்படுத்திய எஃகின் கடினம் 400 முதல் 500 வரை. வெங்கச்சங்கல் துகளின் கடினமோ ஆயிரத்திற்கு மேல். ஆகவே ஒவ்வொரு மணலும் ஒரு சிறு உளியாக இரும்பைக் கீறிக்கொண்டே போகிறது. மணற்பாங்கான செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் கொழு சீக்கிரம் தேய்வதற்கும், மணல் குறைந்த களிமண்ணில் மெல்லத் தேய்வதற்கும் இதுவே காரணம்.

ஒரே வரியில் ஒரு கணக்கு

1953ஆம் ஆண்டு ஆர்ச்சர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தேய்மானத்தை ஒரு வரிக் கணக்காக எழுதினார். இன்றைய கணிப்பொறிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படை அதுதான். அதன் பொருள் இது: சுமை இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும். உராயும் தூரம் இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும். இரும்பின் கடினம் இரட்டித்தால் தேய்மானம் பாதியாகும். இவை மூன்றுடன் நான்காவதாக ஓர் எண் உண்டு. அது எந்த இரும்பு எந்த மண்ணில் உராய்கிறது, நடுவில் எண்ணெய் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதைத் தேய்மான எண் என்று சொல்லலாம். இந்த எண்ணைச் சோதனை செய்துதான் கண்டறிய முடியும்.

தூரம் என்பதை மட்டும் முதலில் பார்ப்போம். நாட்டுக் கலப்பையில் சால் அகலம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு சால் உழுது முடிக்க மாடுகள் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தக் கொழு 27 கிலோமீட்டர் தூரம் மண்ணில் உராய்கிறது. கல்டிவேட்டர் என்னும் ஒன்பது கொழுக் கொத்துக் கலப்பையில் கொழுக்களின் இடைவெளி 22.5 சென்டிமீட்டர், மொத்த அகலம் சுமார் 2 மீட்டர். இதில் ஓர் ஏக்கருக்கு ஒவ்வொரு கொழுவும் 2 கிலோமீட்டர் உராய்கிறது. குறுக்கும் நெடுக்குமாக உழுதால் 4 கிலோமீட்டர். ஐம்பது ஏக்கர் அப்படி உழுத டிராக்டரின் கொழு 200 கிலோமீட்டர் மண்ணைக் கிழித்திருக்கும்! ரோட்டாவேட்டர் என்னும் சுழல் கலப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சுற்று சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு கத்தியும் ஒரு மணி நேரத்தில் 12,000 முறை மண்ணை வெட்டுகிறது. அதன் கத்தி ஏன் விரைவில் தேய்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

கணிப்பொறிக்குள் உழவு

ஆர்ச்சர்டின் கணக்கு மொத்தத் தேய்மானத்தைச் சொல்லும். ஆனால் கொழு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. நுனி ஒரு விதமாகவும், ஓரம் ஒரு விதமாகவும், நடுப்பகுதி வேறு விதமாகவும் தேய்கின்றன. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் கணிப்பொறி உதவுகிறது.

முதலில் கொழுவின் உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, வலைக்கண்கள் போல ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். உழும்போது ஒவ்வொரு கட்டத்தின் மீதும் மண் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு தூரம் வழுக்கிப் போகிறது என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. அதிலிருந்து அந்தக் கட்டம் எவ்வளவு தேயும் என்று ஆர்ச்சர்டின் கணக்குப்படி கண்டு, அந்த அளவுக்கு அந்த இடத்தைக் குறைத்துவிடுகிறது. இப்போது கொழுவின் உருவம் சற்றே மாறிவிட்டது. உருவம் மாறினால் அழுத்தமும் மாறும். ஆகவே புதிய உருவத்தை வைத்து மறுபடியும் கணக்கு. மறுபடியும் குறைப்பு. இப்படி நூற்றுக்கணக்கான முறை செய்தால், பல ஏக்கர் உழுத பின் கொழு எப்படி இருக்கும் என்பது நிலத்தில் கால் வைக்காமலே தெரிந்துவிடும். பேரிங், பல்சக்கரம், பிஸ்டன் வளையம் முதலியவற்றின் தேய்மானத்தையும் இதே முறையில் கணக்கிடுகிறார்கள்.

மண்ணின் அழுத்தத்தை அறிவதற்கு இன்னொரு முறை துணை செய்கிறது. கண்டல், ஸ்டிராக் என்ற இரு விஞ்ஞானிகள் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட முறை அது. மண்ணை ஒரே கட்டியாகக் கொள்ளாமல், தனித்தனி உருண்டைகளின் குவியலாகக் கொள்வது அதன் சிறப்பு. ஒவ்வோர் உருண்டையும் பக்கத்து உருண்டைகளை எப்படித் தள்ளுகிறது, கொழுவில் எங்கே மோதுகிறது, எந்தத் திசையில் உராய்ந்து நழுவுகிறது என்று ஒரு விநாடியை லட்சக்கணக்கான கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். கலத்தில் நெல்லைக் கொட்டி அதற்குள் கையை விட்டால், ஒவ்வொரு நெல்மணியும் விலகி வழிவிடுவதைப் பார்த்திருப்போம். அதில் ஒவ்வொரு நெல்லுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவது போன்றது இது. உண்மையான மண் துகள்கள் எண்ணிலடங்கா. ஆகவே கணிப்பொறியில் உருண்டைகளைச் சற்றுப் பெரிதாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு காட்டும் பாடங்கள்

இத்தகைய கணக்குகளும் வயல்வெளிச் சோதனைகளும் காட்டும் முக்கியமான உண்மை, கொழுவின் நுனியும் முன் ஓரமுமே பெரும் தேய்மானத்தைத் தாங்குகின்றன என்பது. மண்ணை முதலில் பிளப்பது அவைதாம். சுழல் கலப்பைக் கத்தியிலும் வெளி நுனியும் வெட்டும் ஓரமும் முதலில் போகின்றன. ஆகவே கொழு முழுவதும் தேயும் வரை காத்திருப்பதில் பொருளில்லை. கொத்துக் கலப்பையில் பூட்டும் கொழுக்களில் பல, இரண்டு முனையும் கூராக உள்ள திருப்பிப் பூட்டும் வகை. ஒரு முனை மழுங்கியதும் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்ட வேண்டும். போல்ட்டுத் துளை வரை தேயவிட்டால் மறு முனையும் பயன்படாது. கலப்பைக் காலும் சேர்ந்து தேயும்.

இரண்டாவது பாடம், ஒன்பது கொழுவும் ஒன்று போலத் தேய்வதில்லை என்பது. டிராக்டரின் பின்சக்கரம் அழுத்திய தடத்தில் மண் இறுகிவிடுகிறது. அந்தத் தடத்தில் ஓடும் கொழுக்களின் மீது சுமை அதிகம்; தேய்மானமும் அதிகம். தேய்ந்த கொழுவை மட்டும் புதிதாக மாற்றினால் உழவு மட்டம் சீராக இராது. அவ்வப்போது தடத்துக் கொழுக்களையும் மற்றக் கொழுக்களையும் இடம் மாற்றிப் பூட்டி வந்தால் ஒன்பதும் சீராகத் தேயும்.

மூன்றாவது, சுமையைக் குறைப்பது நம் கையில் உள்ளது என்பது. காய்ந்து இறுகிய நிலத்தில் கொழுவின் மீது சுமை பெருகும். மழைக்குப் பின் மண் பதமாக இருக்கும்போது உழுதால் இழுவை குறையும், கொழுவும் தப்பும். தேவைக்கு மேல் ஆழமாக உழுவதும், வேகத்தைக் கூட்டி ஓட்டுவதும் சுமையை ஏற்றும்.

கடினமும் வேண்டும், முறியாமலும் இருக்க வேண்டும்

கடினம் கூடினால் தேய்மானம் குறையும் என்றால், கொழுவை எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். கொல்லுப்பட்டறையில் கொழுவைக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்ச்சல் கொடுப்பது கடினத்தைக் கூட்டும் பழைய வழி. ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கரிச்சத்து குறைந்த சாதாரண இரும்பு தோய்ச்சலில் அவ்வளவாகக் கடினப்படாது. லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற, கரிச்சத்து மிகுந்த எஃகுதான் நன்கு கடினப்படும். அதே சமயம், சிவக்கக் காய்ச்சித் தோய்த்த எஃகு கண்ணாடி போல் முறியும் தன்மை பெறும். அதை மறுபடியும் மிதமாகச் சூடேற்றி ஆறவிட்டால்தான் உறுதி வரும். கல் நிலத்தில் உழுபவர்களுக்குச் சற்றுக் கடினம் குறைந்தாலும் முறியாத கொழுவே நல்லது. கல் இல்லாத மணற்பாங்கான நிலத்தில் கடினமான கொழு நீடித்து உழைக்கும்.

கொழு வாங்கும்போது ஓர் எளிய சோதனை செய்யலாம். கூரான அரம் ஒன்றை எடுத்துக் கொழுவின் நுனியில் இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கொழு கடினமானது. அரம் பிடித்துத் துருவல் விழுந்தால் அது மென்மையான இரும்பு, சீக்கிரம் தேயும்.

வெல்டிங் பட்டறையில் கடின உலோக ராடு கொண்டு கொழுவின் ஓரத்தில் பூச்சு வைத்துக்கொள்வதும் உண்டு. இதை ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பது சிறந்தது. எலியின் முன்பல்லைப் பாருங்கள். அதன் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் உள்ளது, பின்பக்கம் மென்மை. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் முந்தித் தேய்வதால் முன்பக்கம் எப்போதும் உளி போல் கூராகவே நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் பூச்சு வைத்த கொழுவும் அப்படித்தான். மென்மையான பக்கம் தேயத் தேய, கடினமான ஓரம் கூராக நிற்கும்.

எண்ணெய்ப் படலம் தாங்கும் சுமை

கொழுவுக்கு எண்ணெய் போட முடியாது. ஆனால் அச்சு, பேரிங் ஆகியவற்றில் தேய்மானத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுவது எண்ணெய்தான். 1883இல் இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் தக்கையைத் தள்ளியது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்ததில் சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது! சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துச் சென்று ஒரு படலமாக்கி, அந்தப் படலத்தின் மேல் தானே மிதக்கிறது என்பது அப்போது தெரிந்தது. 1886இல் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்கான சமன்பாட்டை எழுதினார். இன்று பேரிங் வடிவமைக்கும் கணிப்பொறிகள் போட்டுக்கொண்டிருப்பது அந்தச் சமன்பாட்டைத்தான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, எண்ணெய்ப் படலம் முழுமையாக இருந்தால் இரும்பும் இரும்பும் தொடுவதில்லை என்பது. தூசியும் மணலும் புகுந்தால் படலம் கிழியும். ஆகவே கிரீஸ் நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால், கிரீஸுடன் மணலையும் நாமே உள்ளே தள்ளியவர்கள் ஆவோம். அதற்காக மோட்டாரின் பால் பேரிங்கில் கிரீஸைத் திணித்து நிரப்புவதும் தவறு. உள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். மிகுந்தால் கடைந்து சூடாகி, கிரீஸ் உருகிக் கெடும்.

பெல்ட்டில் ஓடும் பம்பில், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவது பலரிடம் உள்ள பழக்கம். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிப் பெருக்கத்திற்கு எதிராகக் குறையும். அதாவது பேரிங்கின் மீது சுமை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். பெல்ட் வழுக்காத அளவுக்கு இறுக்கினால் போதும்.

பம்பின் கிளாண்டில் தண்ணீர் சொட்டுகிறது என்று நட்டை முற்றிலும் இறுக்கி நிறுத்திவிடுவதும் உண்டு. கிளாண்டுக் கயிற்றுக்கு அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் எண்ணெய். அது நின்றால் கயிறு கருகி ஷாஃப்டை அறுக்கும். நிதானமாகச் சொட்டும் அளவுக்கு விட வேண்டும். புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில், மணல் நின்று தெளிந்த தண்ணீர் வரும் வரை இறைத்துத் தள்ளிய பிறகே நீர்மூழ்கி மோட்டாரை இறக்க வேண்டும். இல்லையேல் மணல், புஷ்ஷையும் இம்பெல்லரையும் சில மாதங்களில் தின்றுவிடும்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறி

கணிப்பொறிக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. மேலே சொன்ன தேய்மான எண் சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும். ஒரே எஃகுக்கு, மண்ணுக்கு மண், ஈரத்திற்கு ஈரம் அந்த எண் பல மடங்கு மாறுகிறது. மண்ணில் புதைந்த கல்லைக் கணிப்பொறி அறியாது. ஆகவே நிலத்தில் அளந்து சரிபார்க்காத கணக்கை நம்ப முடியாது. "கணிப்பொறியில் வடிவமைத்தது" என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். எந்த மண்ணில், எத்தனை ஏக்கர் உழுது பார்த்தது என்று கேட்க வேண்டும்.

உங்கள் நிலத்தின் தேய்மான எண்ணை நீங்களே காணலாம். புதுக் கொழுவை ஒரு பலகையின் மேல் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கவும். எடையையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளவும். பத்து ஏக்கர் உழுத பின் அதே கொழுவைக் கழுவித் துடைத்து, அதே கோட்டின் மேல் வைத்துப் பார்க்கவும். எங்கே, எவ்வளவு தேய்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். ஓர் உதாரணம்: 600 கிராம் எடையுள்ள கொழு பத்து ஏக்கருக்குப் பின் 585 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஒன்றரை கிராம் தேய்மானம். 120 கிராம் தேய்ந்ததும் ஆழம் குறைவதாக அனுபவத்தில் கண்டால், அந்த நிலத்தில் அந்தக் கொழுவின் ஆயுள் 80 ஏக்கர். எழுபத்தைந்து ஏக்கர் முடிந்ததுமே மாற்றுக் கொழு வாங்கி வைத்துவிடலாம். இரண்டு கடைகளில் வாங்கிய கொழுக்களை ஒரே கலப்பையில், இரண்டையும் சக்கரத் தடம் படாத இடத்தில் பூட்டிப் பார்த்தால், எது கொடுத்த விலைக்கு உழைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வாடகை டிராக்டர் அமர்த்துமுன் கொழுக்களின் நுனியைப் பார்க்கவும். மழுங்கியிருந்தால் மாற்றிப் பூட்டச் சொல்லவும்.

2. உழவு தொடங்கியதும் ஒரு குச்சியைப் புழுதி மண்ணில் செருகி, உழாத அடிமண் வரை ஆழம் பார்க்கவும். நான்கைந்து இடங்களில் பார்ப்பது நல்லது.

3. பத்து ஏக்கருக்கு ஒருமுறை கொழுவைப் பலகைக் கோட்டில் வைத்துச் சரிபார்க்கவும். மழுங்கிய முனையைக் காலத்தில் திருப்பிப் பூட்டவும்.

4. சக்கரத் தடத்தில் ஓடும் கொழுக்களை மற்றவற்றுடன் இடம் மாற்றவும்.

5. மண் பதமாக இருக்கும்போது, தேவையான ஆழத்திற்கு மட்டும் உழவும்.

6. நிப்பிளைத் துடைத்துவிட்டுக் கிரீஸ் அடிக்கவும். பெல்ட்டையும் கிளாண்டையும் அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம்.

7. பருவம் முடிந்ததும் கொழுக்களைக் கழுவி, உலர்த்தி, பழைய எஞ்சின் எண்ணெய் தடவி வைக்கவும். துருவும் தேய்மானமே.

கருவிகளைப் பற்றி மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதியில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். கணிப்பொறி செய்யும் வேலையும் முடிவில் அளப்பது, கணக்கிடுவது, மறுபடியும் அளப்பது என்பதுதான். ஒரு பலகையும் பென்சிலும் தராசும் கொண்டு அதைச் செய்துவரும் விவசாயி, கொழுச் செலவையும் டீசல் செலவையும் குறைத்து, பருவத்தில் தடையின்றி உழவை முடிக்கலாம்.